திருகோணமலைக்குப் போன லெபனான் போத்தல்

வெள்ளி, உவர்மலை

லண்டனிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் மாமாமாருக்கு விஸ்கி கொண்டுவருவதுதான் வழக்கம். நான் வேலை செய்வது வைன் கடையில். அதனால் என் பெட்டிக்குள் துவாய் சுற்றிய சிவப்பு வைன் போத்தல் ஒன்று வந்தது. ஷாட்டோ முசார், லெபனான் நாட்டுச் சரக்கு. அதை வாங்க வருகிறவர்களிடம் அதைச் செய்கிற குடும்பத்தின் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். மாமாவுக்கும் சொல்லலாம் என்று ஒரு நப்பாசை.

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில். கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் பிரிகின்றன. அதற்குப் பிறகு காடுதான், தூங்கினால் நட்டமில்லை. விடியக் கடல் காற்று வந்தது, மாமாவும் வந்தார்.

உவர்மலை வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே மாமா கண்ணாடியைப் போட்டு லேபிளைப் பார்த்தார். "லெபனானோ? அங்க எங்கட பெட்டையள் வீட்டு வேலைக்கெல்லே போறவை. வைனும் செய்யிறாங்களோ?"

செய்கிறார்கள் மாமா, வெகு காலமாக. பெக்கா பள்ளத்தாக்கில், பால்பெக் என்ற இடத்தில், மதுக்கடவுள் பாக்கஸுக்கு ரோமர் கட்டிய கோயில் இன்றும் தூண்களோடு நிற்கிறது. அந்த மண்ணில் திராட்சைக்கு அவ்வளவு வயது. முசார் குடும்பத்தின் வயது அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. பிரான்ஸின் வைன் பகுதியான போர்தோ பக்கம் போய்வந்த காஸ்டோன் ஹோஷார் என்ற இளைஞர் 1930 இல் தொடங்கியது. பெய்ரூத்துக்கு வடக்கே கஸீர் என்ற மலையூரில் 18 ஆம் நூற்றாண்டுக் கோட்டை வீடு ஒன்று. அதன் நிலவறைதான் வைன் அறை. திராட்சை அங்கே விளைவதில்லை. மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், பெக்காவில், ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் விளைகிறது. பறித்த பழத்தை லொறியில் ஏற்றி மலை தாண்டிக் கொண்டுவர வேண்டும். அந்த லொறிப் பாதை பிறகு பெரிய கதையாகப் போகிறது.

லெபனான் அப்போது பிரெஞ்சுக்காரரின் கையில் இருந்தது. அவர்களின் அதிகாரிகள் நல்ல வாடிக்கையாளர்கள். இரண்டாம் உலகப் போரில் அங்கே பணிக்கு வந்த ரொனால்ட் பார்ட்டன் என்பவர் போர்தோவில் பெரிய வைன் தோட்டக்காரர். அவருக்கும் காஸ்டோனுக்கும் சிநேகம் உண்டானது. இவ்வளவும் சொல்லி முடிக்க, மாமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தா: "அவருக்குச் சீனி வருத்தம். டொக்டர் ஒண்டும் குடிக்க வேண்டாம் எண்டவர்."

போத்தல் அலுமாரிக்குள் போனது.

சனி, கோட்டை

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் மான்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் அவை உலாவுவதைப் பற்றி எழுதாத பயணக்காரர் இல்லை; நான் விட்டுவிடுகிறேன். சுவாமிமலையில் நின்று கடலைப் பார்க்கும்போது மாமா சொன்ன வரிசை எனக்குப் பிடித்தது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 இல் பிரெஞ்சுக்காரர் கொஞ்ச காலம். 1795 இல் ஆங்கிலேயர். கோட்டை ஒன்று, கொடி நாலு.

1639 என்றதும் எனக்குக் கடைப் புத்தி வந்துவிட்டது. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ரிக்விர் என்ற சிற்றூரில் ஹூகெல் குடும்பம் வைன் தொழிலில் கால் வைத்ததும் அதே 1639 தான். இன்றும் அதே குடும்பம், அதே ஊர். ஆனால் அங்கேயும் கொடி சும்மா இருக்கவில்லை. 1871 இல் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது, 1918 இல் பிரான்ஸுக்குத் திரும்பியது, 1940 இல் மறுபடி ஜெர்மனி, 1945 இல் மறுபடி பிரான்ஸ். பேரன் எந்த நாட்டுக்காரன் என்பது அவன் பிறந்த ஆண்டைப் பொறுத்தது. இத்தாலியில் ஆன்டினோரி குடும்பம் இன்னும் பழையது. புளோரன்ஸ் நகர வைன்காரர் சங்கத்தில் அவர்களின் முன்னோர் சேர்ந்தது 1385 இல். இருபத்தாறு தலைமுறை என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். இப்போது தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அல்பியேரா என்ற பெண். அவருக்கும் அவருடைய இரண்டு தங்கைகளுக்கும் அண்ணன் தம்பி இல்லை.

"பெண் பிள்ளைக்கு வீடு குடுக்கிறது இஞ்ச புதினமே?" என்றார் மாமா. நியாயம்தான். கிழக்கில் வீடு வளவு சீதனமாக மகளுக்குப் போவது எத்தனையோ காலத்து வழக்கம்.

மத்தியானம் மாமாவின் கடைக்குப் போனேன். நகரத்துக்குள் இரும்புச் சாமான் கடை, தாத்தா தொடங்கியது. தராசு கூட அவர் காலத்தது. ஆணி நிறுத்துக்கொண்டிருந்த மாமாவிடம் முசார் கதையின் எனக்குப் பிடித்த பகுதியை எடுத்துவிட்டேன். காஸ்டோனின் மூத்த மகன் செர்ஜ் முதலில் பொறியியல் படித்தார். பிறகு போர்தோவில், அந்தக் காலத்து வைன் விஞ்ஞானத்தின் பெரிய வாத்தியார் எமில் பேனோவிடம் பாடம் கேட்டார். 1959 இல் வீட்டுக்கு வந்து தகப்பனிடம் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இனி வைன் என் பாட்டில் நடக்கும், உலகம் முழுக்கப் போகும், நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். தகப்பன் விலகினார். தம்பி ரொனால்ட் 1962 இல் வியாபாரப் பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

கடையில் இதைச் சொன்னால் ஆங்கிலேய வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். மாமா சிரிக்கவில்லை. ஆணியைக் கடதாசியில் சுற்றி வந்தவரிடம் கொடுத்து, காசை வாங்கி லாச்சிக்குள் போட்டுவிட்டுச் சொன்னார்: "என்ர மகன் வந்து அப்பிடிக் கேட்டிருந்தா அண்டைக்கே திறப்பைக் குடுத்திருப்பன். கேக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல."

மகன் டொராண்டோவில் இருக்கிறான். மாதம் தவறாமல் காசு அனுப்புகிறான். நான் வேறு கதைக்குத் தாவினேன்.

ஞாயிறு, சம்பூர்

மாமி வழிச் சொந்தக்கார அக்கா ஒருவர் சம்பூரில் இருக்கிறார். லெபனானில் ஒன்பது வருடம் வேலை செய்தவர். "உன்ர போத்தலையும் கொண்டு போ, அவளுக்குத்தான் அந்த ஊர் தெரியும்" என்று மாமி அனுப்பி வைத்தா.

சீனக்குடாவைக் கடந்து கிண்ணியாப் பாலம். 2009 இல் திறந்தபோது நாட்டின் மிக நீளமான பாலம் இதுதான், 396 மீற்றர். அதற்கு முன் மிதவையில் பஸ்ஸை ஏற்றி இறக்கித்தான் போக்குவரத்து. கொட்டியாரக் குடாவைச் சுற்றி, மகாவலி கடலோடு சேருகிற தண்ணீர்களையெல்லாம் தாண்டி, மூதூர். அங்கிருந்து கட்டைபறிச்சான், பிறகு சம்பூர். வழியில் மரவள்ளிக் கிழங்கு அவித்து விற்கிறார்கள். கட்டைச் சம்பலோடு சாப்பிட்டேன், இந்தப் பயணத்தின் நல்ல சாப்பாடு அதுதான்.

அக்கா லேபிளைப் பார்த்ததுமே அரபு எழுத்தை எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டா. அவ வேலை செய்தது பெக்காவின் பெரிய ஊரான ஸஹ்லேயில். வைனுக்கும் கவிதைக்கும் பேர்போன ஊர் என்று அந்த ஊர்க்காரர் பெருமை பேசுவார்களாம். "எனக்குக் கவிதை தெரியாது தம்பி. வீட்டுக்காரற்ற அப்பா அராக் காய்ச்சுவார். திராட்சையும் பெருஞ்சீரகம் மாதிரி ஒண்டும் போட்டு. தண்ணி விட்டா பால் போல வரும். அந்தக் கிளாஸெல்லாம் கழுவினது நான்தான்."

புரட்டாதி பிறந்தால் ரோட்டோரத் தோட்டங்களில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறங்கிப் பழம் பறிப்பதை காரில் போகும்போது பார்த்திருக்கிறா. முசார் தோட்டங்களில் பறிப்பவர்கள் பெதுவின் நாடோடிக் குடும்பங்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். "ஓம், கூடாரம் போட்டிருப்பினம். பொம்பிளையள்தான் கூட" என்றா. இவ்வளவு காலம் கடையில் நின்று அந்தத் தோட்டங்களைப் பற்றிப் பேசுகிற எனக்கு இது நேரில் பார்த்தவர் வாய்ச்சொல். நாற்காலியை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டேன்.

முசாருக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது லெபனானின் உள்நாட்டுப் போர்தான் என்றால் கொஞ்சம் கொடுமையாக இருக்கும், ஆனால் உண்மை. 1975 இல் தொடங்கி 1990 வரை சண்டை. உள்ளூரில் விற்க வழியில்லாமல் செர்ஜ் வெளிநாட்டுக்குப் போனார். 1979 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வைன் சந்தையில் மைக்கேல் பிராட்பென்ட் என்ற பெரிய விமர்சகர் 1967 ஆம் ஆண்டு முசாரைச் சுவைத்துக் கொண்டாடினார். அங்கிருந்து லண்டன் கடைகளின் தட்டுக்கு வந்தது. தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், நிலவறை இந்தப் பக்கம், நடுவில் ஆயுதக்காரரின் தடைகள். 1976 இல் மின்சாரமும் இல்லை, வழியும் இல்லை. அந்த ஆண்டு வைனே இல்லை. 1984 இல் லொறிகள் சுற்றிச் சுற்றி வந்து சேருவதற்குள் பழம் வழியிலேயே பொங்கத் தொடங்கிவிட்டது. மற்ற ஆண்டுகளில் எப்படியோ வைன் இறங்கியது. அதே 1984 இல் டிகான்டர் சஞ்சிகை முதன்முதலாக ஆண்டின் சிறந்த மனிதர் என்று ஒருவரைத் தெரிவுசெய்தபோது செர்ஜைத்தான் எடுத்தது.

அக்காவுக்கு அந்தப் போர் தெரியாது. அவவுக்குத் தெரிந்தது 2006. ஆடி மாதம் இஸ்ரேல் குண்டு போடத் தொடங்கியது. ஸஹ்லேக்குப் பக்கத்தில் தானாயெலில் இருந்த மாலிபான் கண்ணாடித் தொழிற்சாலையில் குண்டு விழுந்த சத்தம் கேட்டிருக்கிறா. போத்தல் செய்கிற இடம். "பேரைக் கேட்டதும் பிஸ்கட் கம்பனி எண்டு நினைச்சன்" என்று இப்போது சிரிக்கிறா. அதே கிழமைகளில்தான் இங்கே மாவிலாற்றில் சண்டை, பிறகு மூதூரில். சம்பூர் ஆட்கள் சித்திரையிலேயே ஷெல்லுக்கு ஓடத் தொடங்கிவிட்டார்கள். புரட்டாதி முதல் வாரம் ஊர் இராணுவத்தின் கையில். "அம்மா எனக்கு எடுக்கிறா, நான் அம்மாவுக்கு எடுக்கிறன், ரெண்டு பேருக்கும் லைன் இல்ல. நான் செத்திட்டன் எண்டு அம்மா அழுதிருக்கிறா. அவையள் செத்திட்டினம் எண்டு நான் அங்க சமைச்சுக் கொண்டு அழுறன்."

அங்கே ஆவணி 14 இல் சண்டை ஓய்ந்தது. சில வாரத்தில் அறுவடை. 2006 முசார் இருக்கிறது, நானே விற்றிருக்கிறேன். இங்கே அந்தக் குடும்பம் கிளிவெட்டி முகாமுக்குப் போனது. அரசாங்கம் முதலீட்டுச் சபைக்கென்று எடுத்த 818 ஏக்கர் சம்பூர்க் காணியை விடுவித்த அறிவிப்பு 2015 இல்தான் வந்தது. திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் பிடித்தார்களாம்.

சம்பூருக்கும் கஸீருக்கும் ஹோஷார் குடும்பத்தின் மனத்திடம்தான் வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹோஷார்களின் லொறி தடையில் நின்றது; காணி அவர்கள் பேரிலேயே இருந்தது. காணியே போனால் எந்த செர்ஜாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இரவு அக்கா வீட்டில். போத்தல் இன்னும் திறக்கவில்லை, அக்கா குடிப்பதில்லை.

திங்கள், பனங்கூடல்

அக்காவின் தம்பி விடிய எழுப்பி, பக்கத்துக் காணியில் சீவல் தொழில் செய்கிற ஐயா ஒருவரிடம் கூட்டிப்போனான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் போக அவர் மரத்தில். காலில் தளநார், இடுப்பில் கத்தியும் முட்டியும். பாளையின் நுனியில் தாள் போல ஒரு சீவல் சீவுகிறார், முட்டியை மாற்றுகிறார், இறங்குகிறார், அடுத்த மரம். காலையும் பின்னேரமும் இதே வேலை; ஒரு நேரம் தவறினால் பாளை அடைத்துவிடும். தகப்பனும் பேரனாரும் ஏறியது இதே கூடலில்தான் என்றார். முகாமில் இருந்த வருடங்களில் மரங்களை யாரும் தொடவில்லை. பனைக்கு அது ஒரு பொருட்டல்ல. திராட்சைக் கொடியை ஒரு வருடம் கத்தரிக்காமல் விட்டாலே காடு பிடித்துவிடும். பனை தன்பாட்டில் நிற்கும். ஆனால் வைத்தவன் அனுபவிக்கிற மரம் இல்லை அது. கொடி மூன்றாம் வருடம் காய்க்கும், பனை பாளை தள்ளப் பதினைந்து இருபது வருடம். கூடலுக்குள் வெட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டி, "இதில நிண்டதெல்லாம் அப்பு வைச்சது, தறிச்சுப்போட்டாங்கள்" என்றார்.

பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார். இனிப்பும் மெல்லிய புளிப்புமாக, நுரை இன்னும் அடங்காத கள். இதற்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. முட்டியிலும் காற்றிலும் இருக்கிறதே போதும், சொட்டு விழும்போதே பொங்கத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் கருப்பநீருக்கு முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவது. முசாரிலும் இதே கதைதான்: வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை, பழத்தோடு வருவதே வேலை செய்யும். 1984 இல் லொறியில் நடந்ததும் அதுதான். பிறகுதான் வழி பிரிகிறது. முசார் சிவப்பை மூன்று திராட்சை வகைகளில் தனித்தனியாக இறக்கி, பீப்பாயில் வைத்து, கலந்து, போத்தலில் அடைத்து, மறுபடி வருடக்கணக்கில் நிலவறையில் கிடத்தி, அறுவடையிலிருந்து ஏழாவது வருடத்தில்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். கள்ளுக்கு அடுத்த நாள் கிடையாது. இன்று காலை இறக்கியது நாளைக்கு விநாகிரி.

வைன் குடும்பங்களுக்குச் சரித்திரம் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று அங்கே நிற்கும்போது பட்டது. தாத்தா செய்தது நிலவறையில் கிடக்கிறது, மேலே வருடம் எழுதியிருக்கிறது. பேரன் திறந்து காட்டலாம். செர்ஜ் 2014 இன் கடைசியில் இறந்துபோனார், அவர் கைப்பட்ட போத்தல்கள் இன்னும் ஏலத்துக்கு வருகின்றன. இப்போது அவருடைய மக்களும் தம்பியின் மகனும் நடத்துகிறார்கள். இந்த ஐயாவின் அப்பு இறக்கிய கள்ளை அன்று பின்னேரமே குடித்து முடித்துவிட்டார்கள். ஏறிய கைகளுக்குக் கணக்குப் புத்தகம் இல்லை.

சரி, குடிக்க ஒரு தகுந்த ஆள் கிடைத்துவிட்டார் என்று போத்தலைத் திறந்தேன். காலை எட்டு மணிக்கு. கடைக்காரன் என்பதால் தக்கை திருகி எப்போதும் என்னிடம் இருக்கும். ஐயா மணந்து பார்த்தார். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார். எங்கள் கடையில் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளை அப்படிச் செய்ய வைக்கப் பல நாள் ஆகும்.

"புளிப்பு ஏறித்தான் இருக்கு. ஆனா பழுது இல்ல. ஏற விட்டு நிப்பாட்டியிருக்கிறாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முசாரைப் பற்றி விமர்சகர்கள் பல காலமாகப் போடுகிற சண்டையே இதுதான். அதில் ஆவியாகும் அமிலம் அதிகம், குறை என்பார் ஒரு கட்சி. அதுதான் அழகு என்பார் மற்றக் கட்சி. ஐயா ஒரு மடக்கில் இரண்டு கட்சியையும் முடித்துவிட்டார்.

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதில போட்டிருக்கிறது ஆற்ற பேர்?" என்றார்.

"தொடங்கினவற்ற பேர் ஐயா. காஸ்டோன் ஹோஷார்."

"செத்த பிறகும் போடுறாங்களோ?"

"ஓம். பேரனுக்கும் அதே பேர்தான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் பள்ளிக்கூடம் போகேக்க அப்பா என்ன தொழில் எண்டு வாத்தியார் கேட்டா தோட்டம் எண்டு சொல்லு எண்டு அம்மாதான் சொல்லித் தந்தவ. உள்ளதைச் சொன்னாத்தான் பின் வாங்கில இருத்துவினமே" என்றார். மகன் கத்தாரில் மேசன். தொழில் பழக்கவில்லையா என்று கேட்டேன். பழக்கினாராம், அவன் நன்றாகவும் ஏறினானாம். "கலியாணம் பேசேக்க அதைச் சொல்லேலாது" என்றார்.

பனை அபிவிருத்திச் சபை 1978 இலிருந்து இருக்கிறது. பனங்கட்டி, பனாட்டு, பெட்டி, தொப்பி எல்லாவற்றுக்கும் கண்காட்சி வைக்கிறார்கள். கண்காட்சியில் பொருளின் பேர் பெரிதாக இருக்கும். இறக்கியவன் பேரை எழுதிய ஒரு சீட்டுக்கூட நான் பார்த்ததில்லை. ஹோஷாரின் பேரை லேபிளில் போட முடிந்தது வைன் நல்லதாக இருந்ததால் மட்டுமல்ல, அந்தத் தொழிலைச் சொல்ல அங்கே யாருக்கும் வெட்கம் இல்லாததாலும்தான். நாங்கள் கள்ளைக் குடித்துவிட்டு, இறக்கியவரை முற்றத்துக்கு வெளியே நிறுத்திய ஆட்கள்.

"என்ன விலை தம்பி இது?"

லண்டன் விலையைச் சொன்னேன். முப்பது பவுணுக்கு மேல். அவர் மனதுக்குள் ரூபாயாக மாற்றினார், பிறகு கள்ளுப் போத்தலாக மாற்றினார் போலிருக்கிறது, தலையை ஆட்டினார். "அப்ப அந்தப் பெடியள் தோட்டத்தில இறங்கி வேலை செய்ய மாட்டாங்கள்."

பறிப்பவர்கள் பெதுவின் ஆட்கள்தான் என்று நேற்றைக்கு அக்காவிடம் சொன்னதையே சொன்னேன்.

"அவையளின்ர பேர் எங்க இருக்கு?" என்று லேபிளை மறுபடி தேடினார். நானும் குனிந்து பார்த்தேன். இல்லை.

இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனேன். பின்னேரம் ஏற வேண்டும், அரைப் பிளாவோடு போதும் என்றார். மிச்சத்தை அக்காவின் தம்பி முடித்தான். வெறும் போத்தலை விநாகிரி ஊற்றி வைக்க ஐயாவே எடுத்துக்கொண்டார்.